ரெண்டாவது கியர் நிக்காத ஜீப்: ஒரு கியர்பாக்ஸின் 80 வருஷக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த சில திரும்பச் சொல்லல்களை நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு சத்தத்தோட ஆரம்பிக்கிறேன். ஹெட்போன் போட்டிருந்தா வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

(ஆடியோவில்: ஜீப் ஒன்று சரிவில் இறங்கும் சத்தம். ‘டக்’ என்று ஓர் அடி. பிறகு இன்ஜின் சும்மா சுழலும் சத்தம்.)

அந்த ‘டக்’ கேட்டுச்சா? அது ரெண்டாவது கியர் தானா கழண்டு நியூட்ரலுக்கு வந்த சத்தம். இடம், திருக்கழுக்குன்றம் பக்கத்துல எங்க பெரியப்பா ஊர் ஏரிக்கரை. வண்டி, 1972ல பதிவான மஹிந்திரா சிஜே-3பி ஜீப். ஏரிக்கரையிலிருந்து கீழே இறங்கும்போது ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா கியர் லீவர் தானா துள்ளி வெளியே வந்துடும். இன்ஜின் பிடிமானம் போயிடும். அதுக்கப்புறம் வண்டியை நிறுத்த பழைய டிரம் பிரேக்கும் பெரியப்பாவோட வலது காலும்தான். அவருக்கு வயசு 71.

இந்த ஜீப்பை அவர் 1980கள்ல ஒரு அரசு ஏலத்துல எடுத்தார். நெல் மூட்டை, உரம், பிரசவ வலியில இருந்த பக்கத்து வீட்டு அக்கா, எங்க அப்பாவோட கல்யாண ஊர்வலம், எல்லாத்தையும் சுமந்த வண்டி. போன ஐப்பசில ஈசிஆர் பக்கம் ஒரு ரெஸ்டாரன்ட் நடத்துறவர் வந்து பார்த்தார். வாசல்ல நிறுத்தி வைக்கணுமாம். இன்ஜினைக் கழட்டிட்டு, பெயின்ட் அடிச்சு, லைட் போட்டு, மக்கள் செல்ஃபி எடுக்க. பெரியப்பா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: “பொங்கலுக்குள்ள ஓடுதான்னு பாரு. ஓடலன்னா குடுத்துடலாம். நிக்கிற வண்டிக்கு நாம எதுக்கு?”

ஆக, கையில ரெண்டரை மாசம். நான் எழுதுறது கோட். கியர்பாக்ஸைக் கண்ணால பார்த்தது காலேஜ் லேப்ல, அதுவும் பாதியா அறுத்து வச்ச ஒரு மாடல்.

முதல்ல பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

கியர் சைக்கிள் ஓட்டியிருப்பீங்க. மேட்டுல ஏறும்போது கால் வேகமா சுத்தும், சைக்கிள் மெதுவா போகும், ஆனா மிதிக்க லேசா இருக்கும். கியர்பாக்ஸ் செய்றதும் அதே கொடுக்கல் வாங்கல்தான். வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குது.

எங்க ஜீப்புல இருக்கிற பெட்டிக்குப் பேரு டி-90. அமெரிக்காவில் வார்னர் கியர் என்ற கம்பெனி வடிவமைத்தது. முன்னாடி போக மூணு கியர், பின்னாடி போக ஒண்ணு. முதல் கியரோட விகிதம் 2.798. அதாவது இன்ஜின் கிட்டத்தட்ட 2.8 தடவை சுத்தினா பெட்டியோட பின்பக்க ஷாஃப்ட் ஒரு தடவை சுத்தும். ரெண்டாவது கியர் 1.551. மூணாவது நேரடி, ஒண்ணுக்கு ஒண்ணு.

இந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஸ்பைசர் 18 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒட்டியிருக்கும். நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிறது அதோட வேலை. அதுல ‘லோ’ போட்டா இன்னொரு 2.46 மடங்கு. அசல் சிஜே-3பி ஆக்ஸில்ல 5.38. மூணையும் பெருக்குங்க: 37 வருது. லோ ரேஞ்சுல முதல் கியர் போட்டா, இன்ஜின் 37 சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து. நடக்கிற ஆளை விட மெதுவா போகும், ஆனா சேத்துல மாட்டின டிராக்டர் டிரெய்லரைக் கூட அசைச்சுப் பார்க்கும். வயல்ல இந்த வண்டிக்கு இருந்த மரியாதைக்குக் காரணம் இந்த 37தான்.

49 நாள்ல ஒரு வண்டி

இப்போ வரலாற்றுக்கு வருவோம். 1940 கோடை. ஐரோப்பாவில் பிரான்ஸ் விழுந்துவிட்டது. அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமாக ஒரு சின்ன, லேசான, நாலு சக்கர இழுவை வண்டி வேண்டும். 135 கம்பெனிகளுக்கு அழைப்பு போனது. முதல் மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவரச் சொன்னார்கள். இந்த டெட்லைனைப் பார்த்ததும் பெரும்பாலான கம்பெனிகள் பதிலே போடவில்லை.

அமெரிக்கன் பான்டம் என்ற, திவாலாகும் நிலையில் இருந்த ஒரு சின்ன கம்பெனி துணிந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். செப்டம்பர் 23, 1940 அன்று முதல் வண்டி மேரிலாந்தில் இருந்த கேம்ப் ஹோலாபேர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படி முடிந்தது? முடிந்தவரைக்கும் புதுசா எதையும் செய்யல. இன்ஜின், ஆக்ஸில்னு முக்கியமான பாகங்களை ஏற்கெனவே சந்தையில் இருந்ததில் இருந்து எடுத்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றினார்கள். நம்ம பாஷையில சொன்னா, எல்லாத்தையும் ஸ்க்ராட்ச்ல இருந்து எழுதாம, நல்லா டெஸ்ட் ஆன லைப்ரரிகளைக் கோர்த்து ஒரு புராடக்டை ரிலீஸ் பண்ணிட்டாங்க.

பான்டம் சின்ன கம்பெனி என்பதால், பெரிய ஆர்டர் வில்லிஸ்-ஓவர்லேண்டுக்குப் போனது. அதுவும் போதாமல் ஃபோர்டையும் சேர்த்தார்கள். வில்லிஸ் செய்தது எம்பி. ஃபோர்ட் செய்தது ஜிபிடபிள்யூ. அந்தப் பெயரின் கடைசி எழுத்தே வில்லிஸ் வடிவமைப்பைத்தான் குறிக்கிறது. போர் முடியும்வரை ரெண்டு பேரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நிபந்தனை ஒன்றுதான் முக்கியம்: வில்லிஸ் பாகம் ஃபோர்டில் பொருந்த வேண்டும், ஃபோர்ட் பாகம் வில்லிஸில் பொருந்த வேண்டும். யுத்த களத்தில் ரெண்டு உடைந்த வண்டியில் இருந்து ஓடுகிற வண்டி ஒன்றை உருவாக்க முடிய வேண்டும்.

இதோட ராணுவம் இன்னொண்ணும் பண்ணுச்சு, டாக்குமென்டேஷன். பராமரிப்பு கையேடுகள். எந்த போல்ட்டை முதல்ல கழட்டணும், எந்த ஷாஃப்ட்டை எந்தப் பக்கமா தட்டணும், எல்லாம் படத்தோட. பட்டறையையே பார்த்திராத இருபது வயசுப் பையனும் படிச்சுச் செய்யணும் என்று எழுதப்பட்டவை. 80 வருஷம் கழிச்சு, பொத்தேரியில் ஒரு வாடகை ரூம்ல உட்கார்ந்து நான் பிடிஎஃப்பா படிச்சதும் அந்தக் கையேடுகளைத்தான். அந்த இருபது வயசுப் பையன் நான்தான்னு வச்சுக்கோங்க.

முதல் கியர் ஏன் கரகரன்னு கத்துது?

பழைய ஜீப் ஓட்டினவங்களுக்குத் தெரியும். ஓடிட்டிருக்கும்போது முதல் கியர் போட்டா ‘கர்ர்ர்’னு பல் அரைக்கும். காரணம், அதுக்கு சிங்க்ரோனைசர் கிடையாது.

ஆரம்பகால கார்கள் பலவற்றிலும் இதே பிரச்சினைதான். ரெண்டு பல் சக்கரம் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது ஒன்றோடொன்று கோர்க்கச் சொன்னால் சண்டை போடும். அதனால் டிரைவர்தான் வேகத்தைச் சமன்படுத்த வேண்டும். கிளட்சை அமுக்கி நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ரேஸ், மறுபடி கிளட்ச், பிறகு கியர். நம்ம ஊரில் இதற்கு ‘டபுள் கிளட்ச்’ என்று பெயர்.

1928இல் காடிலாக் கார்களில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. ஏர்ல் தாம்ப்ஸன் என்பவர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ். யோசனை ரொம்ப எளிமை. பல்லும் பல்லும் சந்திக்கும் முன்னால், ஒரு கூம்பு வடிவ உராய்வுப் பரப்பு முதலில் தொட்டு, ரெண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும். அதன் பிறகுதான் பல் கோர்க்கும். நெட்வொர்க் படிச்சவங்களுக்கு: டேட்டா அனுப்பும் முன்னாடி நடக்கிற ஹேண்ட்ஷேக். டி-90ல இந்த வேலையைச் செய்றது ரெண்டு பித்தளை வளையம். ஒண்ணு ரெண்டாவது கியருக்கு, இன்னொண்ணு மூணாவதுக்கு.

முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் கொடுக்கல. ரெண்டும் நின்ன வண்டியில போடுற கியர்தானே, எதுக்கு வீண் செலவு, எதுக்கு பெட்டியை நீளமாக்கணும்னு விட்டுட்டாங்க. இந்த ரெண்டு கியருக்கும் பல் நேரா வெட்டியிருக்கும், அதனாலதான் அந்த ‘ங்ங்ங்’ முனகல். மத்த கியர்ல பல் சாய்வா இருக்கும். சத்தம் குறைவு. ஆனா சாய்வுப் பல்லுக்கு ஒரு குணம் உண்டு: சுத்தும்போது ஷாஃப்ட்டை முன்னாடியோ பின்னாடியோ தள்ளும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. நான் மறந்தேன், அதுக்கு விலையும் கொடுத்தேன்.

பம்பாய் வழியாக வந்த பெட்டி

இது எப்படி நம்ம ஊருக்கு வந்தது? உலகப் போரின்போது கே.சி. மஹிந்திரா இந்திய அரசின் கொள்முதல் குழுத் தலைவராக வாஷிங்டனில் இருந்தார். அங்கே வில்லிஸ் இன்ஜினைச் செதுக்கிய பார்னி ரூஸைச் சந்தித்தார் என்பது கம்பெனி தன் வரலாறாகச் சொல்வது. 1945 அக்டோபர் 2 அன்று அவரும், அண்ணன் ஜே.சி. மஹிந்திராவும், குலாம் முகமதுவும் சேர்ந்து ஒரு எஃகு வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள். பெயர் மஹிந்திரா அண்ட் முகமது.

பிரிவினை வந்தது. குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதி அமைச்சராகவும், 1951இல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் கம்பெனி பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. ‘எம் அண்ட் எம்’ என்ற சுருக்கத்தை மாத்த வேண்டிய அவசியமே வரல.

1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை பாகங்களாக இறக்குமதி செய்து பம்பாய் மசகானில் பூட்ட ஆரம்பித்தார்கள். அப்போது இந்தியாவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கார் பூட்டிக் கொண்டிருந்தன. ஃபோர்டுக்கு மெட்ராஸிலும் ஆலை இருந்தது. 1953இல் டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு அரசு தெளிவாகச் சொன்னது: வெறுமனே பூட்டுவது போதாது, பாகங்களையும் இங்கேயே செய்கிற திட்டம் வேண்டும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டையைக் கட்டின. மஹிந்திரா மாதிரி இந்தியக் கம்பெனிகள் பாகம் பாகமாக உள்நாட்டில் செய்யத் தொடங்கின.

அதே 1953இல்தான் அமெரிக்காவில் சிஜே-3பி வந்தது. புது இன்ஜின் உயரம் அதிகம். அதனால் பானெட்டைத் தூக்கி வைத்தார்கள். பெரியப்பா ஜீப்புக்கு இருக்கிற அந்த ‘நிமிர்ந்த மூஞ்சி’ அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் அது 1968இல் நின்றது. இந்தியாவில் நிற்கவில்லை. இன்ஜின் மாறியது, டீசல் வந்தது, நாலு கியர், அஞ்சு கியர் பெட்டிகள் வந்தன. உடம்பு மட்டும் அதே வம்சமாக 2010 வாக்கில் ‘மேஜர்’ மாடல் நிற்கும்வரை ஓடியது.

லைசென்ஸ் ராஜ் காலத்தைத் திட்ட நிறைய காரணம் இருக்கு. வண்டி புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும், டிசைன் மாறாது. ஆனா அதுக்கு ஒரு பக்க விளைவு உண்டு. ஒரே மாதிரி பெட்டி பல வருஷம் ரோட்டுல ஓடினா, ஊருக்கு ஊர் அதைத் திறந்து பார்த்த கை உருவாகும். அதுக்குப் பாகம் செய்ற சின்ன பட்டறை உருவாகும். புதுப்பேட்டை மாதிரி ஒரு சந்தை அதைச் சேமிச்சு வைக்கும்.

நம்ம ஜிஎஸ்டி ரோடு இந்தக் கதையோட மறுபக்கத்தையும் பார்த்திருக்கு. பொத்தேரில டிரெயின் ஏறினா ரெண்டாவது ஸ்டேஷன் மறைமலை நகர். 1995ல மஹிந்திராவோட கூட்டு சேர்ந்து ஃபோர்ட் இந்தியாவுக்குத் திரும்பி வந்து ஆலை போட்ட இடம். 2021ல இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துறோம்னு ஃபோர்ட் அறிவிச்சது. 2022ல மறைமலை நகர்ல கடைசி கார் வெளியே வந்துச்சு. அதே ரயில்ல இன்னும் ரெண்டு ஸ்டேஷன் தள்ளி பரனூர். அங்கதான் மஹிந்திராவோட ஆராய்ச்சி மையம் இருக்கு. இன்னைக்கு நீங்க ரீல்ஸ்ல பார்க்கிற தார் ஜீப்போட இன்ஜினியரிங்குக்கு அதுதான் வீடு. இந்த ரெண்டுக்கும் நடுவுல, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தகர ஷெட்டுல பாய் இருக்கார்.

பாய் கை, என் பிடிஎஃப்

பாய்க்கு அறுபது தாண்டிடுச்சு. பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், “போன் வந்துட்டே இருக்கும் தம்பி”ன்னு. பதிமூணு வயசுல ஸ்பேனர் பிடிச்சவர். என் முதல் சந்திப்பு கொஞ்சம் அசிங்கம்தான். நான் போய், “பாய், ரெண்டாவது கியர் சிங்க்ரோ ரிங் போயிடுச்சு, மாத்தணும்”னு சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, “அப்போ நீங்களே டாக்டரா?”ன்னார்.

ஒரு சனிக்கிழமை பெட்டியை இறக்கினோம். தரைத் தகட்டைக் கழட்டி, கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்த்தே கீழ் வழியா. ரெண்டையும் பிரிக்க, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்பக்க மூடியைத் திறந்து, உள்ளே மெயின் ஷாஃப்ட் முனையில இருக்கிற பெரிய நட்டை எடுக்கணும். ஐம்பது வருஷ நட்டு. முக்கால் மணி நேரம் போச்சு.

மேல் மூடியைத் திறந்ததும் எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அதுல ரெண்டு கம்பி இருக்கு. ஒண்ணு முதல் கியரையும் ரிவர்ஸையும் நகர்த்தும், இன்னொண்ணு ரெண்டையும் மூணையும். ரெண்டும் ஒரே நேரத்துல நகர்ந்தா பெட்டி பூட்டிக்கிட்டு உடையும். அதனால நடுவுல விரல் நுனி அளவுக்கு ஒரு இரும்பு முளை. ஒரு கம்பி நகர்ந்தா அந்த முளை இன்னொரு கம்பியைப் பிடிச்சு வச்சுக்கும். மக்களே, இது மியூடெக்ஸ்! நான் ஆபீஸ்ல ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கிட்டு எழுதின லாக்கை, ஒரு துண்டு இரும்பு சத்தமில்லாம செஞ்சுட்டிருக்கு.

அப்புறம் என் சிங்க்ரோ ரிங். வெளியே எடுத்தோம். தேய்மானம் இருந்துச்சு, ஆனா மோசமில்ல. நான் ஏற்கெனவே புதுப்பேட்டையில அரை நாள் அலைஞ்சு புது ரிங் வாங்கிட்டு வந்திருந்தேன். பெருமையா எடுத்து நீட்டினேன். பாய் அதை வாங்கி ஓரமா வச்சுட்டு, பெட்டி அடியில இருந்த கிளஸ்டரை ரெண்டு விரலால முன்னும் பின்னும் ஆட்டினார். கிளஸ்டர்னா, அடி ஷாஃப்ட்டுல ஒரே துண்டா இருக்கிற கியர்க் கொத்து.

(ஆடியோவில்: ‘க்ளக், க்ளக்’ என்று உலோகம் ஆடும் சத்தம்.)

“இது ஆடுது தம்பி. ரிங் போட்டாலும் மறுபடி எகிறும்.”

இங்கதான் அந்தச் சாய்வுப் பல். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கிளஸ்டரை ஒரு பக்கம் தள்ளும், காலை எடுத்தா மறுபக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க ரெண்டு முனையிலயும் வாஷர் இருக்கு. எங்க பெட்டியில வாஷர் தேஞ்சு மெல்லிசாகிடுச்சு. காலை எடுத்த ஒவ்வொரு தடவையும் மொத்தக் கொத்தும் நகர்ந்து, மேல இருக்கிற ரெண்டாவது கியரையும் உலுக்குது. போதாக்குறைக்கு லீவர் கம்பியை இடத்துல நிறுத்துற குண்டுக்கு மேல இருந்த ஸ்பிரிங் தளர்ந்து போச்சு. ரெண்டும் சேர்ந்தா, சரிவுல ‘டக்’.

இது கையேட்டுலயும் இருந்துச்சு. கியர் கழண்டா என்னென்ன காரணம்னு ஒரு பட்டியல். நான் முதல் காரணத்தைப் படிச்சதும் நிறுத்திட்டேன். லாக்ல முதல் எரரைப் பார்த்ததும் ஃபிக்ஸ் எழுதப் போற ஜூனியர் மாதிரி. பாய் படிக்கவே இல்ல, ஆட்டிப் பார்த்தார்.

அவரையும் ஒரு இடத்துல நான் தடுத்தேன். கடைசியில ஊத்த அவர் எடுத்த 90 கிரேட் ஆயில் டப்பாவுல ஜிஎல்-5னு இருந்துச்சு. அதுல கடுமையான அழுத்தத்தைத் தாங்க கந்தக வகை சேர்மானம் அதிகம். ஆக்ஸிலுக்கு அது நல்லது, பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு நாளடைவுல கெடுதல். ஜிஎல்-4ல அந்தச் சேர்மானம் குறைவு. லேபிளைக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துட்டு, “இத்தினி வருஷமா 90னு மட்டும்தான் பார்த்தோம்”ன்னார். மறுநாள் ஜிஎல்-4 வந்துச்சு. அன்னைலேருந்து என்னை ‘டாக்டர்’னு கூப்பிடறதை நிறுத்திட்டார்.

திரும்பப் பூட்டுதல்

கழட்ட ஒரு நாள், பூட்ட மூணு வாரக் கடைசி. கிளஸ்டருக்குள்ள ஊசி மாதிரி மெல்லிசான ரோலர்கள் வரிசையா நிக்கணும். ஒண்ணு விழுந்தாலும் ஷாஃப்ட் போகாது. கையேடு சொல்ற வழி, அதே தடிமன்ல ஒரு டம்மி ஷாஃப்ட். பாய் லேத்துல ஒரு துண்டு கடைஞ்சு வாங்கினார். கிரீஸ் தடவி ரோலரை ஒவ்வொண்ணா ஒட்டினோம். கிளஸ்டரைப் பெட்டி அடியில படுக்க வச்சு, மேல மெயின் ஷாஃப்ட்டை ஏத்தி, அப்புறம் கிளஸ்டரைத் தூக்கி, அசல் ஷாஃப்ட்டை நுழைக்க நுழைக்க டம்மி மறுபக்கம் வெளியே வரும். நான் ரெண்டு தடவை ரோலரைக் கொட்டினேன். பாய் ஒண்ணும் சொல்லல. டீ வாங்கிட்டு வரச் சொன்னார், அவ்வளவுதான்.

வாஷரும் பேரிங்கும் புதுப்பேட்டையில கிடைச்சது. ஸ்பிரிங் பாய் டப்பாவுல இருந்துச்சு. நான் வாங்கின சிங்க்ரோ ரிங்கும் வீண் போகல, “பெட்டி திறந்தாச்சு, போட்டுடுவோம்”னு போட்டுட்டார்.

அந்த வாரங்கள்ல ஷெட்டுக்கு வேற யாரும் கத்துக்க வந்து நான் பார்க்கல. பாய் மகன் இதே ரோட்டுல ஒரு ஷோரூம்ல சர்வீஸ் அட்வைசர். லேப்டாப்பைச் செருகினா வண்டியே கோளாறு நம்பரைச் சொல்லும், கியர்பாக்ஸ் கெட்டா மொத்தமா மாத்துவாங்க. “அவன் சட்டை அழுக்காகல, சந்தோஷம்தான்”ன்னார் பாய். அதை அவர் கசப்பாச் சொல்லல. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. ராணுவக் கையேடு பிடிஎஃப்பா எங்கயும் கிடைக்குது. ரெண்டு விரலால ஆட்டி, எவ்வளவு ஆடினா சரி, எவ்வளவு ஆடினா தப்புன்னு சொல்ற அந்தக் கை எந்த சர்வர்லயும் இல்ல.

தேனி மாவட்டத்துல போடி, கம்பம் பக்கம் விடியற்காலையில போய்ப் பாருங்க. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் இடுக்கி மலைக்கு வரிசையா ஏறும். போடிமெட்டுக்கு மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. அதெல்லாம் பெரும்பாலும் பிறகு வந்த டீசல் மாடல்கள். அங்கயும் சாயங்காலம் இறக்கத்துல கியர் கழண்டா, பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க உயிர்தான் கணக்கு. ஆடுற வாஷரைக் கண்டுபிடிக்கிற ஒரு கை எங்கயோ ஒரு ஷெட்டுல இருக்குன்னுதான் அந்த வண்டிகள் ஓடுது.

அதனால நான் ஒரு சின்ன வேலை செஞ்சேன். மைக்கை எடுத்துட்டுப் போய் சத்தங்களைப் பதிவு பண்ணேன். தேஞ்ச வாஷர் ஆட்டம், புது வாஷர் ஆட்டம், போன பேரிங், நல்ல பேரிங். ஒவ்வொண்ணுக்கும் பாய் குரல்ல ஒரு வரி விளக்கம். மொத்தம் 40 நிமிஷம். இந்த எபிசோட் பக்கத்துலயே தனி ஃபைலா இருக்கு. யாருக்காவது உதவும்.

மார்கழி கடைசி ஞாயிறு

ஜீப்பை ஊருக்கு ஓட்டிட்டுப் போனோம். ஏரிக்கரை சரிவு. பெரியப்பா ஸ்டியரிங்ல, நான் பக்கத்துல மைக்கோட, பாய் பின்னாடி. ரெண்டாவது கியர். காலை எடுத்தார்.

(ஆடியோவில்: ஜீப் சரிவில் இறங்கும் சத்தம். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டு முனகுகிறது. வேறு சத்தம் இல்லை.)

அவ்வளவுதான். எதுவும் நடக்கல. ரெண்டரை மாச உழைப்போட ரிசல்ட், எதுவும் நடக்காம இருந்தது.

கீழே வந்ததும் நான் ஒரு யோசனை சொன்னேன். 2021ல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டின, அசல் உருவம் மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்கலாம். தனி நம்பர் பிளேட் கிடைக்கும். ஆனா அப்புறம் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு, இதுக்குத்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். பெரியப்பா கேட்டுட்டுச் சிரிச்சார். “அதுக்கு ஓட்டல் வாசல்லயே விட்டிருக்கலாமேடா.”

அப்புறம் இறங்கி, சாவியை என் கையில கொடுத்தார். “முதல் கியருக்கு டபுள் கிளட்ச் போடு பார்ப்போம்.” போட்டேன். ‘கர்ர்ர்ர்’னு ஊருக்கே கேட்டுச்சு. பின்னாடி இருந்து பாய் கத்தினார்: “தம்பி, பல்லு என்னது இல்ல, உங்களோடது!”

பொங்கலுக்கு அந்த ஜீப்லதான் கரும்பு வந்துச்சு.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய ஜீப், மெட்டடார், லாம்பி ஏதாவது மூலையில நின்னா, அதோட சத்தத்தை போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க. அதைத் திறக்கத் தெரிஞ்ச மேஸ்திரி பக்கத்துல இருந்தா, ஒரு சனிக்கிழமை அவர் கூட போய் உட்காருங்க. டீ நீங்க வாங்கிக் கொடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.